எட்டு மூலைப் பெட்டியும் ஒரு பீங்கானும்

எங்கள் ஆடு ஒரு வெசாக் காகிதக் கூட்டைத் தின்ற வருஷத்தில் எனக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, நான் படிக்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆடு கூட்டைத் தின்றதற்கு நான்தான் காரணம். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்தேன். எங்கள் வீட்டில் இவ்வளவு காலம் எந்த ரகசியமும் தங்கியதில்லை என்பதால் இதை ஒரு சாதனையாகவே சொல்லலாம்.

யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில், கடைசி லயத்து வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்குக் கீழே ஒரு கான், சின்ன வாய்க்கால், ஓடும். கானின் மேல் ஒரு பலகை. பலகையைத் தாண்டினால் தோட்டம் முடிந்து சிங்களக் கிராமம் தொடங்கிவிடும். அங்கே முதல் வீடு நெந்தாவின் வீடு. சிங்களத்தில் அத்தையை நெந்தா என்பார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், நாங்கள் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு அவர் அக்கே. அவருக்கு அம்மா நங்கி, அதாவது தங்கச்சி.

அம்மா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது என்னையும் தம்பியையும் நெந்தா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார். தம்பி தவழ்ந்ததும் நடந்ததும் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதும் அந்த முற்றத்தில்தான். அவன் முதன்முதலாகப் பேசிய சொல்லே சிங்களச் சொல் என்று அப்பா இன்றைக்கும் கேலி செய்வார். நெந்தா எங்களிடம் பேசும் தமிழ் எங்கள் லயத்துத் தமிழ். அம்மா அவரிடம் பேசும் சிங்களம் அவர் வீட்டுச் சிங்களம். இரண்டும் கலந்து எந்த இடத்தில் எது முடிகிறது என்று தெரியாத ஒரு பேச்சில் அவர்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார் அம்மா.

சித்திரை வருஷப் பிறப்புக்கு நெந்தா ஒரு பீங்கான் தட்டு நிறையக் கவும், கொக்கிஸ் என்று எண்ணெயில் சுட்ட பலகாரங்களும் வாழைப்பழமும் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி அனுப்புவார். அந்தப் பீங்கான் திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது அதில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் ஒரு பீங்கானில் கீழே போகும். இரண்டு நாள் கழித்து அது கித்துள் பாகான பாணியோ பலாக்கொட்டையோ ஏந்திக்கொண்டு மேலே ஏறி வரும். இப்படியே வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு பீங்கான் அந்தப் பலகையின் மேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். தூக்கிக்கொண்டு நடந்தது பெரும்பாலும் நான்தான்.

அந்த வருஷம் சித்திரையில் வந்த பீங்கான் வெள்ளையானது. விளிம்பைச் சுற்றி நீலப் பூ. ஒரு பூவின் மேல் மட்டும் சின்னதாக உடைந்திருக்கும். பண்டத்தைச் சாப்பிட்டு முடித்தோம். பீங்கானில் என்ன வைத்துத் திருப்பி அனுப்பலாம் என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோதே புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் வந்துவிட்டது.

நெந்தாவின் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. பன்சலையில், அதாவது புத்த விகாரையில், நடக்கும் போட்டிக்காக அவன் இரண்டு வாரமாக உள்ளே விளக்கு வைக்கும் ஒரு கூடு கட்டினான். மூங்கிலைச் சீவி, நூலால் கட்டி, எட்டு மூலை வைத்த பெரிய கூடு. அதற்கு மஞ்சளும் ரோஸும் பச்சையுமாக டிசு பேப்பர் ஒட்டி, கீழே தாளில் வாலும் தொங்கவிட்டான். கோதுமை மாவில் காய்ச்சிய பசை. காயட்டும் என்று முற்றத்து ரம்புட்டான் கிளையில் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தான். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போய் அதைப் பார்த்தேன். அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தொட விடமாட்டான்.

அன்று மத்தியானம் எங்கள் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. பாவமாக இருந்தது. கட்டை அவிழ்த்து, கான் ஓரத்துப் புல்லைக் காட்டிவிட்டு, நான் பூனைக்குட்டி பார்க்கப் போய்விட்டேன். ஆட்டுக்குப் புல் பிடிக்கவில்லை. பலகையைத் தாண்டிப் போய்க் கூட்டைத் தின்றது. பசை ருசியாக இருந்திருக்க வேண்டும். நான்கு மூலையும் வாலும் போய்விட்டன. மீதி மூங்கில் கொம்பில் மாட்டிக்கொள்ள, அதையும் இழுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததைத் தென்னை மரத்தின் பின்னால் நின்று பார்த்தேன். பையன் அழுதான். பதினைந்து வயதுப் பையன் அழுததைப் பார்த்ததும் நெந்தாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். "வத்தே மினிஸ்சு!" தோட்டத்து ஆட்கள் என்று அர்த்தம். நாங்கள் தோட்டத்து ஆட்கள்தான், அதில் பொய் ஒன்றுமில்லை. பசாரில் பஸ் கண்டக்டரும் கடைக்காரரும் அப்படிச் சொன்னால் அம்மா காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்துவிடுவார். நெந்தாவின் வாயிலிருந்து அது வந்ததுதான் தாங்கவில்லை.

கோபம் வந்தால் அம்மாவுக்குச் சிங்களம் மறந்துவிடும். எங்கள் வாசலில் நின்றபடி தமிழிலேயே கேட்டார்.

"ஆமா, தோட்டத்து ஆளுங்கதான். இத்தன வருஷமா இந்தத் தோட்டத்து ஆளு கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே, அப்ப கசக்கலயா? இனிமே ஒங்க வாசல மிதிச்சா என்னான்னு கேளுங்க."

நெந்தாவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அதுதான் கஷ்டம். ஒருவருக்கொருவர் பாஷை தெரியாமல் இருந்திருந்தால் சண்டை அன்றோடு போயிருக்கும்.

மறுநாளிலிருந்து அம்மா எங்களை அந்தப் பக்கம் அனுப்பவில்லை. தம்பியை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டார். அங்கே அவன் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினான். எனக்கு வீட்டுச் சாவியைக் கழுத்தில் கட்டிவிட்டார். அம்மாவும் நெந்தாவும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாளியைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். நான் ஒரு முடிச்சை அவிழ்த்ததால் இவ்வளவும் நடந்திருக்கிறது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் அடி விழும் என்பது ஒரு பக்கம். ஐந்து மாதமாகச் சொல்லாததற்குச் சேர்த்து விழும் என்பது இன்னொரு பக்கம்.

நீலப் பூப் பீங்கான் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மா அதை மேல்தட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். யாரும் அதில் சாப்பிடக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைப்பார். ஒரு நாள் அப்பா கேட்டார்.

"அதக் குடுத்துத் தொலைச்சா என்னா? அவங்க சாமான நாம எதுக்கு வச்சிருக்கணும்?"

"தீவாளிக்குப் போகும்" என்றார் அம்மா. "பலகாரத்த வச்சு நானே கொண்டுபோயிக் குடுப்பேன். வாங்க மாட்டேன்னா சொல்லப் போறாங்க? நல்ல நாளுல."

அம்மா இவ்வளவு நாளும் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதாவது, தெரிந்த மாதிரி இருந்தது. பீங்கானைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்று விளங்கிக்கொண்டேன். பத்து வயதில் எனக்குக் கணிதத்தில் நல்ல புள்ளி. நம்மிடம் அவர்களுடைய பீங்கான் இருக்கிறது, நாம் அவர்களுக்கு ஒரு கூடு தர வேண்டும். இரண்டையும் கொடுத்துவிட்டால் மிச்சம் பூச்சியம்.

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் எனக்கு வேலை ஒன்றுமில்லை. அப்பாவின் கைபேசியில் பெட்டி செய்யும் வீடியோ ஒன்று கிடைத்தது. அதில் முகம் தெரியாது. சிவப்பு நகப்பூச்சுப் போட்ட இரண்டு கைகள் மட்டும் வந்து அட்டையை மடித்து, ஒட்டி, ரிப்பன் கட்டி, ஒரு பரிசுப் பெட்டியைச் செய்து முடிக்கும். பின்னால் ஏதோ தெரியாத பாஷையில் பாட்டு ஓடும். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்றால், டேட்டாவுக்கு ரீலோட் போட்டே கட்டாது என்று சொல்லி அப்பா கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்.

இந்தத் தீபாவளிக்குப் பலகாரத்தைப் பெட்டியில் கொடுக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் பிள்ளைக் காம்பரா டீச்சருக்கும் எங்கள் லயத்தில் நான்கு வீட்டுக்கும். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. எல்லாம் ஒரே சோப்புப் பெட்டி மாதிரி இல்லாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

அட்டைக்குப் பஞ்சமில்லை. பசாரில் கடைக்காரர் பிஸ்கட் பெட்டிகளைச் சும்மா கொடுத்தார். மேலே ஒட்ட பழைய காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, வெசாக் முடிந்து மலிவாகக் கிடைத்த டிசு பேப்பர். பசைதான் பிரச்சினை. மாவில் பசை காய்ச்ச அம்மா விடமாட்டார், ரொட்டி சுடுகிற மாவை வீணாக்கக் கூடாது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்குப் பசை தேடி அலைய வேண்டுமா? அம்மாவின் பால் வாளியின் அடியில் மிஞ்சியதை ஒரு ஜாம் போத்தலில் வழித்து எடுத்துக்கொண்டேன். ரப்பர் பால் ஒட்டினால் ஒட்டியதுதான். பட்டம் கட்டுகிற பையன்கள் எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். என்ன, அது சீக்கிரம் கட்டிப்போய்விடும், அதற்குள் ஒட்டிவிட வேண்டும். விரல் எல்லாம் தோல் உரிந்த மாதிரி ஆகும். கூடவே ஒரு நாற்றமும் இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியவே தெரியாது என்பதை அப்போது நான் அறியவில்லை. கணக்கப்பிள்ளையின் மனைவி வெளியூர்க்காரர். முறுக்கு என்ன எண்ணெயில் சுட்டது என்று பிறகு அம்மாவிடம் மெதுவாக விசாரித்தாராம்.

முதல் பெட்டி பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டாவதுக்கு மூடி சேரவில்லை. அப்பா ஃபெக்டரியிலிருந்து வந்து ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்ப்பார்.

"இதுல முறுக்க வச்சா முறுக்கும் ரப்பரா இழுபடும்டி" என்பார்.

தம்பி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தான். அந்தப் பெட்டி போயிற்று. ஆனாலும் ஆறு பெட்டிகள் தேறின. அம்மா அவற்றை வரிசையாக வைத்து, சேலைத் தலைப்பால் தூசி தட்டி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாவது பெட்டி ஒன்று இருந்தது. அதை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் செய்தேன். அது நெந்தா வீட்டுக்கு. வெறும் பெட்டி இல்லை. எங்கள் ஆடு தின்ற கூட்டைப் போலவே எட்டு மூலை வைத்தது. மூங்கில் சீவத் தெரியாததால் அட்டையிலேயே மூலைகளை வெட்டி ஒட்டினேன். ஒன்பது நாள் ஆயிற்று. மூலை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது, அதற்காகவே இரண்டு முறை அழுதேன். நடுவில் மூடி, மூடியைத் திறந்தால் பலகாரம் வைக்க இடம். மஞ்சள், ரோஸ், பச்சை என்று அதே நிறத்தில் டிசு பேப்பர். கீழே வால். முடிந்ததும் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பையனுடைய கூட்டில் பாதி அழகுகூட இல்லை. இருந்தாலும் அது ஒரு கூடு என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவுக்கு முன்னால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று ஏன் நினைத்தேன்? பெருமை ஒரு காரணம். ஆடு விஷயம் இன்னொரு காரணம். அம்மா கூட வந்தால் நெந்தாவின் முகத்தை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. தனியாகப் போனால் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம்.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, சாமி கும்பிட்டாயிற்று. ஆறு பெட்டிகளையும் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார். அவர் அடுப்படியில் கடைசி ஈட்டு முறுக்கைச் சுட்டுக்கொண்டிருந்தார், நெந்தா வீட்டுக்குச் சூடாகப் போக வேண்டும் என்று. நான் ஆறு வீட்டுக்கும் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழாவது பெட்டிக்குள் டின்னிலிருந்து எடுத்த முறுக்கையும் அதிரசத்தையும் வைத்தேன். அம்மா பின்பக்கம் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மேல்தட்டிலிருந்து நீலப் பூப் பீங்கானை இறக்கி ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டேன். பீங்கானின் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெட்டியின் வால் கசங்கிவிடும் என்று தனித்தனியாகத் தூக்கினேன்.

நெந்தா முன் விறாந்தையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் பலகையைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"ஆ! இது நம்ம கூடு இல்ல? யாரு கட்டினது துவே?" என்றார். துவே என்றால் மகளே.

"நான் கட்டினேன் நெந்தா. உள்ளுக்குப் பலகாரம் இருக்கு. அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

எந்த வீட்டுக்கு எதைக் கொண்டுபோனாலும் நாங்கள் சொல்கிற வாக்கியம் அது. அம்மா சொல்லி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அப்படித்தான் சொல்வோம், அதுதான் மரியாதை. நெந்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். மகனைக் கூப்பிடத் திரும்பினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பேக்கிலிருந்து பீங்கானை எடுத்து நீட்டினேன்.

"இது ஒங்க பீங்கான் நெந்தா. இதையும் அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அவர் பீங்கானை வாங்கினார். பேக்கை எட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"அம்மாவா சொன்னாங்க?"

"ஆமா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல நெந்தா."

"சரி துவே. போ. மழ வரப் போகுது."

வானத்தில் மேகமே இல்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பக்கத்துப் பெஞ்சில் வைத்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி வரும்போது பலகையில் இரண்டு முறை குதித்தேன். கூட்டைக் கொடுத்தாயிற்று, பீங்கானையும் கொடுத்தாயிற்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வாழையிலை நறுக்கி வைத்துக்கொண்டு மேல்தட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பீங்கான் எங்கடி?"

"நெந்தாகிட்ட குடுத்துட்டேனே" என்றேன், பரிசு வாங்கப் போகிறவளைப் போல.

"என்னத்த வச்சுக் குடுத்த?"

"அதுல ஒண்ணும் வைக்கலம்மா. பலகாரம் பெட்டியில இருந்துச்சு. பீங்கானத் தனியாக் குடுத்தேன்."

"வெறும் பீங்கானையா?"

"அம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாழையிலையைக் கையில் வைத்தபடியே கீழே உட்கார்ந்தார். எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு கருகுகிற மணம் வந்தது, அவர் எழுந்து பார்க்கவில்லை. அப்பாதான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினார். இறக்கிவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"வெறும் பீங்கானத் திருப்பிக் குடுத்தா, இனிமே ஒங்க சங்காத்தமே வேணாம்னு அர்த்தம்டி. அதுவும் நல்ல நாளுல."

ஆட்டை அவிழ்த்துவிட்டது ஒரு தப்பு என்றால், அதைச் சரிசெய்யப் போய் நான் செய்தது அதைவிடப் பெரிது என்று மட்டும் விளங்கியது. திரும்பிப் பார்த்தபோது அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். புதுச் சேலையில் மாவும் எண்ணெயும் ஒட்டியிருந்தது. கையைக்கூடக் கழுவாமல் வாசலைத் தாண்டினார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். பலகையின் முன்னால் அம்மா ஒரு நொடி நின்றார். இனி உங்கள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிய வாய். பிறகு தாண்டிவிட்டார்.

நெந்தா உள்ளே மேசையருகில் உட்கார்ந்திருந்தார். பீங்கான் அவர் முன்னால் இருந்தது. கண் சிவந்திருந்தது. மகன் எட்டு மூலைப் பெட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் கண்டதும் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அக்கே, அந்தப் பீங்கானக் குடுங்க" என்றார் அம்மா.

"இது என்னோட பீங்கான்."

"தெரியும். குடுங்க."

"அனுப்பி வச்சிட்டீங்க தானே?"

"நான் அனுப்பலக்கே. இந்தச் சனியன் எனக்குத் தெரியாமத் தூக்கிட்டு வந்திருச்சு. நான் பலகாரம் வச்சுக் கொண்டாரலாம்னு இருந்தேன். சித்திரையிலருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அம்மா சொன்னாங்கன்னு சொல்லிச்சே?"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து மாதமாகப் பூட்டி வைத்திருந்த வாய் அத்தோடு திறந்துகொண்டது.

"அம்மா சொல்லல நெந்தா. நானாத்தான் சொன்னேன். அன்னிக்கு ஆட்ட அவுத்து விட்டதும் நாந்தான். அம்மாவுக்குத் தெரியாது. கூட்டுக்குப் பதிலாத்தான் அந்தப் பெட்டி. மூலை எல்லாம் கோணலா வந்திருச்சு."

யாரும் ஆட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நெந்தாவின் மகன்தான் முதலில் சிரித்தான். கோணல் மூலை ஒன்றைத் தட்டி, சிங்களத்தில், இதை ஆடு தின்னாது என்றான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அதே மூச்சில் அழுதுவிட்டார். நெந்தா எழுந்து வந்து அம்மாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த வார்த்த வாயில வந்திருச்சு நங்கி. வந்த ஒடனே தெரியும் எனக்கு."

"நானும்தான் என்னென்னமோ பேசிட்டேன்."

"அஞ்சு மாசமாப் பீங்கான் வரும், வரும்னு கானு பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு வந்திச்சு. வெறுமையா வந்திச்சு."

நெந்தா உள்ளே போய் ஒரு கித்துள் கருப்பட்டியைக் கொண்டுவந்து பீங்கானில் வைத்து நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் உடனே புறப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். என்னை அடிக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோனது. வீட்டில் அப்பா தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு, நாங்கள் வருவோம் வருவோம் என்று வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

சாயந்திரம் நெந்தா குடும்பத்தோடு மேலே வந்தார். தம்பி ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டான், இறங்கவே இல்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றினார். நீலப் பூப் பீங்கானில் முறுக்கையும் அதிரசத்தையும் நிறைய அடுக்கி நடுவில் வைத்தார். எல்லோரும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். நான் மட்டும் சாப்பிடவில்லை. எனக்கு ஒரே ஒரு யோசனைதான். இந்த முறை சரியாகச் செய்துவிட வேண்டும்.

அவர்கள் புறப்பட்டபோது நான் தயாராக இருந்தேன். பீங்கானில் மீண்டும் முறுக்கை நிரப்பி, துண்டால் மூடி, வாசலுக்குக் கொண்டுபோய் நெந்தாவிடம் நீட்டினேன். அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். முறுக்கை ஒவ்வொன்றாக எடுத்து மகனிடம் இருந்த பேக்கில் போட்டார். போட்டுவிட்டுப் பீங்கானை என்னிடமே திருப்பித் தந்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் துவே."

"இது ஒங்க பீங்கான் தானே நெந்தா?"

"ஆமா. என்னோடதுதான். அதனாலதான் இங்க இருக்கட்டும்."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பிறர் பொருளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா, கதவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்டி. கொண்டுபோயி மேல வையி" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். நான் பீங்கானோடு வாசலில் நின்றேன். இதற்காகத்தான் அம்மா ஐந்து மாதம் காத்திருந்தார், இதற்காகத்தான் நெந்தா அழுதார். கடைசியில் பார்த்தால், இரண்டு பேருக்குமே வேண்டாத பீங்கான் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.